வெயிட்டை முந்தானையில் முடிந்தவள்

நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள், முன்னாள் செயலாளர் அவர்களே. தெரியாமல் எழுதவில்லை. தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள்.

நம் தமிழ்ச் சங்கம் இந்த வருடம் போட்ட ஆண்டு மலரில் கல்கத்தா கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினீர்கள். கப்பல் சங்கு, காளி பூஜை, லோட்ஷெட்டிங் இருட்டு எல்லாம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. நடுவில் ஒரு பத்தி. எழுபதுகளில் நம் கட்டடத்தில் ஒரு பெண்மணி இருந்தாராம். பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாராம். ஒரு வீட்டு அடுப்பில் வெந்ததை அடுத்த வீட்டில் போய்ச் சொல்வாராம். நீங்களெல்லாம் அவருக்கு நடமாடும் வானொலி என்று பெயர் வைத்திருந்தீர்களாம். படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். பெயர் போடவில்லை நீங்கள். போட்டு என்ன, போடாமல் என்ன? குக்கரைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கியவள் அந்தக் கட்டடத்தில் ஒருத்திதான்.

நானும் பெயர் போடப் போவதில்லை. அவள் பெயரும் இல்லை, உங்கள் பெயரும் இல்லை. அக்கா என்று கூப்பிட்டே பழகியவள் நான். அவள் என்றுதான் எழுதுவேன். மரியாதையெல்லாம் உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு உங்களைப்போல் அழகாக எழுதத் தெரியாது. நடந்ததை எழுதத் தெரியும்.

நீங்கள் தரைத்தளம், அவள் இரண்டாவது மாடி, நான் மூன்றாவது மாடி. அவள் திருநெல்வேலிப் பக்கம், சைவ வீடு. முட்டை வைத்த தட்டைக்கூடத் தொடமாட்டாள். புருஷனுக்கு, வருகிற கப்பல்களுக்கு ஆற்றுவழி காட்டும் பைலட் கப்பலில் வேலை. ஆறு கடலில் சேரும் இடத்தில் அந்தக் கப்பல் நிற்கும். அரை மாதம் அங்கே, அரை மாதம் வீட்டில். பிள்ளைகள் இல்லை. அண்ணன் வாங்கிக் கொடுத்த பிரஷர் குக்கர் இருந்தது. நாங்களெல்லாம் கரி அடுப்பிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ்விலும் அலுமினியப் பானையை வைத்துக்கொண்டு புகையில் கண்ணைக் கசக்கிய காலம் அது. கட்டடத்துக்கே அது ஒன்றுதான் குக்கர்.

யார் கேட்டாலும் கொடுப்பாள். எதற்கு என்று கேட்கமாட்டாள். பாத்திரம், மூடி, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் வாசலிலேயே கையில் கொடுத்துவிடுவாள். மூடியின் தலையில் உட்காரும் வெயிட்டை மட்டும் கொடுக்கமாட்டாள். அது அவள் முந்தானை நுனியில் முடிச்சாகத் தொங்கும். பருப்போ கறியோ போட்டு மூடி, ஆவி வரத் தொடங்கியதும் ஆள் அனுப்ப வேண்டும். வருவாள். முடிச்சை அவிழ்ப்பாள். வெயிட்டை ஊதித் துடைத்து, பிள்ளையாருக்குப் பூ வைக்கிற மாதிரி வைப்பாள். வைத்துவிட்டுப் போகமாட்டாள். விசில் வந்து, அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கி, வெயிட்டைத் தன் கையால் எடுத்து மறுபடி முடிந்துகொண்ட பிறகுதான் எழுந்திருப்பாள். நடுவில் வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டவோ, மூடியில் தண்ணீர் ஊற்றவோ விடமாட்டாள். விருந்தாளி இலை முன்னால் உட்கார்ந்திருந்தாலும் சரி, புருஷனுக்கு ஷிஃப்டுக்கு நேரமானாலும் சரி.

"தானா அடங்கட்டும்ட்டி. அதை வெரட்டினா அது நம்மளை வெரட்டும்."

வெயிட்டை ஏன் கொடுக்கமாட்டேன் என்கிறாய் என்று கேட்டால், "தொலைஞ்சா கல்கத்தாவுல கெடைக்காது" என்பாள். பஜாரில் நாலு பாத்திரக் கடையில் தொங்கியது. அவளும் பார்த்திருக்கிறாள். ஆளில்லாத வீட்டில் ஒற்றையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை என்பதைச் சொல்வதைவிட, வெயிட்டு கிடைக்காது என்று சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

பெங்காலி வீடுகளில் அவளை 'சிட்டிதி' என்றார்கள். விசிலுக்கு அவர்கள் சிட்டி என்பார்கள், அக்காவுக்கு தி. விசில் அக்கா. அதற்கு அவளுக்குள் பெருமைதான். கூப்பிட்ட குரலுக்கு ஒரு தடவை பேசாமல் இருந்து, இரண்டாம் தடவை கூப்பிட வைத்துத்தான் வருவாள்.

இனி விலா எலும்புக்கு வருகிறேன். உங்களுக்கு இப்போதே நாக்கு ஊறும். பொறுங்கள்.

எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால் பன்றிக்கறி வேண்டும். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரருக்கு அது ஞாயிறே இல்லை. துறைமுக ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் அவர். டிராமில் நியூ மார்க்கெட் வரை போய், விலா எலும்பை இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டி வாங்கி, காகிதத்துக்கு மேல் காகிதம் சுற்றி, கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவருவார். நான் அதைப் பானையில் போட்டுக் காலையிலிருந்து வேகவைப்பேன். மத்தியானம் அவர் ஒரு எலும்பைப் பல்லில் கடித்து, கையால் இழுத்து, கயிறு இழுக்கிற போட்டி நடத்துவார். எலும்புதான் ஜெயிக்கும்.

ஒரு ஞாயிறு அக்கா மேலே வந்து வாசலில் நின்றாள்.

"ஏட்டி, விடிஞ்சதுலேருந்து என்னத்தைட்டி வேக வைக்க? கரி வாங்கியே உம் மாப்பிள்ளை ஓட்டாண்டி ஆயிருவாரு."

"பன்னி அக்கா. விலா."

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அத்தோடு நம் வீட்டுப் படி மிதிக்கமாட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் குக்கரோடு வந்து நின்றாள். கையில் புதிதாக ஒரு ரப்பர் வளையம், அதில் கறுப்பு நூல் கட்டியிருந்தது.

"பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேச்சா வாசனை போயிரும். ரப்பருதான் விடாது. இது உனக்கு. வேற வீட்டுக்கு இதைப் போடமாட்டேன்."

அவளிடம் மொத்தம் மூன்று வளையம். நூல் கட்டாதது சைவ வீடுகளுக்கு. சிவப்பு நூல் மீனுக்கும் ஆட்டுக்கறிக்கும். கறுப்பு நூல் எனக்கு மட்டும். மூன்றும் அவள் சமையலறை ஆணியில் தனித்தனியாகத் தொங்கும். உங்கள் வீட்டுப் பருப்பில் என் பன்றி கலந்தது என்று பின்னால் ஒரு பேச்சு கிளம்பியதே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அன்றைக்கு அவள் என் அடுப்படியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மூக்கில் முந்தானை, கண் துறைமுகக் கிரேன்மேல், காது குக்கரில். வாழ்நாளில் ஒரு துண்டு இறைச்சி வாயில் வைக்காதவள் எனக்குப் பன்றி சமைக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். சொன்னதில் பாதி தப்பு. ஆவியை மோந்து உப்பு பத்தாது என்பாள், போட்டால் கரிக்கும். மிளகு தூக்கல் என்பாள். நான் மிளகே போட்டிருக்கமாட்டேன். ஆனால் இரண்டு விஷயம் சரியாகச் சொன்னாள். ஒன்று தண்ணீர். நான் பழக்கத்தில் ஒரு செம்பு ஊற்றப்போனேன்.

"அது என்ன குளிக்கவா போவுது? கொஞ்சமா ஊத்து. ஆவி வெளிய போவாதுல்லா."

சரிதான். பன்றி விலாவில் கொழுப்பும் நீரும் ஏற்கெனவே இருக்கிறது. குக்கரின் அடியில் கொழுப்புப் பக்கம் படும்படி எலும்புகளை அடுக்கி, அது தன் நெய்யைத் தானே விடும்வரை வதக்க வேண்டும். அந்த நெய்யிலேயே சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப் பல். கறிவேப்பிலை லேக் மார்க்கெட் தமிழ்க் கடையிலிருந்து. பிறகு வறுத்து அரைத்த மல்லி, மிளகாய், சோம்பு. அரை தம்ளர் தண்ணீர் போதும். முதல் விசில் வரை பெரிய தீ. அப்புறம் ஸ்டவ்வின் திரியை இறக்கி, குக்கர் முனகுகிற அளவுக்கு வைக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம், அவளுடைய காத்திருப்பு. அடுப்பை அணைத்த உடனே வெயிட்டைப் பிடுங்கினால் கறி விறைத்துக்கொள்ளும். ஆவி தானாக இறங்கும்போதுதான் எலும்பைப் பிடித்திருக்கும் சவ்வு இளகும். என் வீட்டுக்காரர் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார்.

"அக்கோவ், மணி ரெண்டாச்சு. பிள்ளைகளுக்கு வயிறு காயுது."

"பிள்ளைகளுக்கா உங்களுக்கா? உக்காருங்க."

கடைசியில் மூடியைத் திறந்தோம். எலும்பை எடுத்து ஒரு உதறு உதறினால் கறி கழன்றது. கழன்று குழம்பில் கரையவில்லை. கையில் எடுக்கும்வரை எலும்போடுதான் இருந்தது. அதுதான் பதம். என் வீட்டுக்காரர் அன்று தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. மூடியைத் திறந்தபிறகு கொஞ்ச நேரம் சின்னத் தீயில் வற்றவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அடுத்த ஞாயிறு நானே கண்டுபிடித்தேன். இது ஒன்றாவது என்னுடையது.

சாப்பிடும்போது அவள் திரும்பவே இல்லை. "எப்படி இருக்குன்னு பாருங்க அக்கா" என்று தட்டை நீட்டினேன். அப்போதுதான் முதல்முதலாகச் சொன்னாள்:

"நான் குக்கரைப் பாப்பேன். தட்டைப் பாக்கமாட்டேன்."

அவளைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இந்த ஒரு வரி போதும். நீங்கள் அதற்கு நேர் எதிராக எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ஆவி அடங்கும் நேரம் முழுவதும் அவள் பேசுவாள், உண்மைதான். வாய் ஓயாது. ஆனால் அத்தனையும் ஒரே கதை. குக்கரை ஊரிலிருந்து கொண்டுவந்த கதை. ரயிலில் மேலே வைத்தால் நசுங்கும் என்று வெள்ளை வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே கல்கத்தா வந்தாளாம். பெட்டியில் எல்லோரும் அவளுக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தார்களாம். சீட்டாடியவர்கள் சீட்டை எடுத்து வைத்தார்களாம். கரக்பூர் தாண்டியதும் ஒரு பெரியவர் மெதுவாக, "யாரும்மா, வீட்டுக்காரரா? கங்கையிலதானே கரைக்கப்போற?" என்று கேட்டாராம். "இல்ல, எங்க அண்ணன் குடுத்தது. பருப்பு வேகும்" என்றாளாம். இந்தக் கதையை ஒவ்வொரு ஆவிக்கும் ஒரு தடவை சொல்வாள். என் பிள்ளைகள் அவளுக்கு முன்னால் சொல்லி முடித்துவிடுவார்கள். கரக்பூர் கொஞ்ச நாளில் மேதினிப்பூர் ஆனது. பெரியவர் ஒரு தடவை கிழவி ஆனார். ஆனால் அடுத்த வீட்டு அடுப்பு அந்தக் கதைக்குள் ஒருநாளும் வரவில்லை.

நம்பமாட்டீர்கள் என்றால் இன்னொன்று சொல்கிறேன். ஒரு ஞாயிறு கட்டடமே அதிர்ந்ததே, நினைவிருக்கிறதா? அது எங்கள் வீடு. அக்கா புருஷனோடு காளிகாட் போயிருந்தாள். குக்கர் எங்களிடம் இருந்தது. வெயிட்டு அவளோடு போய்விட்டது. என் வீட்டுக்காரர் சிரித்தார். ஒர்க்‌ஷாப்பில் கப்பல் பித்தளைத் துண்டைக் கடைசலில் கொடுத்து, அவள் வெயிட்டைப் போலவே ஒன்று திருட்டுத்தனமாகச் செய்து வைத்திருந்தார். அழகாக இருந்தது. அசலைவிடப் பளபளப்பு. எடைதான் கொஞ்சம் கூடிவிட்டது. கப்பலுக்குச் செய்கிற கைக்கு எதையும் கெட்டியாகச் செய்துதான் பழக்கம். விசிலே வரவில்லை. "பாத்தியா, எவ்வளவு அமைதியா வேகுது" என்று அவர் சொல்லி வாயை மூடவில்லை, சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டது. விலா எலும்புக் குழம்பு உத்தரத்தில் போய் ஒட்டியது.

நக்சல் பயம் ஓயாத அந்த நாளில் கல்கத்தாவில் ஒரு சத்தம் கேட்டால் யாரும் குக்கர் என்று நினைக்கமாட்டார்கள். குண்டு என்றுதான் நினைப்பார்கள். ஜன்னல்கள் படபடவென்று மூடிக்கொண்டன. தெருமுனையிலிருந்த கான்ஸ்டபிள் படியேறி வந்துவிட்டார். அதே நேரம் அக்கா காளிகாட்டிலிருந்து திரும்பிப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து இறங்கிய வாசனையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கும். கான்ஸ்டபிளுக்கு முன்னால் பிரசாதத் தட்டோடு நின்றுகொண்டாள்.

"ஆமார் குக்கார்," என்றாள், என் குக்கர் என்று. "டால். ஷுது டால்." பருப்பு. வெறும் பருப்பு.

கட்டடம் முழுவதும் அப்படியே நம்பியது. என் வீட்டில் நடந்ததைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். உள்ளே வந்து உத்தரத்தைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் பித்தளை வெயிட்டைப் பின்னால் மறைத்தார்.

"சுவத்துக்கு ஊட்டியாச்சு," என்றாள். "இனியாவது மனுசனுக்கு ஊட்டு."

வால்வை அவரே சரிசெய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் வெளியூர் போனால் எங்களுக்கு ஞாயிறு கிடையாது.

இப்போது உங்கள் முறை.

அந்தக் காலத்தில் நீங்கள் சங்கச் செயலாளர். சுத்த சைவம். ஆண்டுவிழா விருந்தில் முட்டை கூடாது என்று தீர்மானம் போட்டவர். ஒரு ஞாயிறு எங்கள் கதவைத் தட்டினீர்கள்.

"அம்மா, கொஞ்சம் ஜன்னலைச் சாத்திக்கக் கூடாதா? கீழ வரைக்கும் வாசனை வருது. வீட்டுல சாப்பிட முடியல."

நீங்கள் கோபமாகத்தான் வந்தீர்கள். அக்கா ஜன்னலைச் சாத்தினாள். "ஆவி அடங்கட்டும், உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தீர்கள். மூடி திறந்தது. ஜன்னல் சாத்தியிருந்ததால் வாசனைக்கும் வேறு போக்கிடம் இல்லை. என் வீட்டுக்காரர் விளையாட்டாகக் கேட்டார்.

"சாரே, ஒரு துண்டு பாக்குறியளா?"

"சேச்சே," என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "குழம்பு மட்டும் இருந்தா... ரொட்டியில தொட்டு..."

அடுத்த ஞாயிறு மறுபடி ஜன்னலைச் சாத்தச் சொல்ல வந்தீர்கள். குழம்போடு ஒரு துண்டு தவறி விழுந்தது. அதை எடுத்துப் போடச் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறு நீங்களே ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டு வாசனையைப் பற்றிப் புகார் சொல்ல ஒரு ஞாயிறு தவறாமல் வந்தீர்கள். எலும்பை உறிஞ்சுவதில் என் வீட்டுக்காரரையே மிஞ்சினீர்கள். நீங்கள் சாப்பிட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சமைத்தவளுக்கு அதைவிடப் பெருமை ஏது? அக்கா அந்த நேரம் முழுவதும் சாத்திய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிரேன்கூட இல்லை பார்க்க.

பிறகு அந்த நாள். நான் அங்கே இல்லை. உங்கள் மனைவிதான் அன்று மாலை படிக்கட்டில் நின்று நடந்ததைக் கட்டடத்துக்கே கத்திச் சொன்னார். அதனால் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும்.

உங்கள் வீட்டில் துவரம்பருப்பு வெந்தது. நூல் கட்டாத வளையம். அக்கா வெயிட்டோடு உட்கார்ந்திருந்தாள். உங்கள் மனைவிக்கு அவசரம், வெயிட்டைத் தூக்கப்போனார். நீங்கள் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டே, பெரிய நிபுணர் மாதிரி, வாயைத் திறந்தீர்கள்.

"தூக்காதே. தானா அடங்கட்டும். அவசரப்பட்டா கறி எலும்பை விடாது."

உங்கள் மனைவி திரும்பினார்.

"எந்த எலும்புங்க?"

பேப்பரை மடித்திருப்பீர்கள். அக்காவைப் பார்த்திருப்பீர்கள். அவள் ஜன்னலைத்தான் பார்த்திருப்பாள். "சாப்பிட்டேன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், ஒரு வாரம் சண்டை, அத்தோடு முடிந்திருக்கும். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"இந்தம்மாதான் சொன்னாங்க. மூணாவது மாடியில பன்னி வேகற கதை, யார் யார் வீட்டுல என்னென்ன வேகுதுங்கிற கதை, எல்லாம் இவங்கதான் வந்து வந்து சொல்லுவாங்க. கேட்டுக் கேட்டு என் வாயில வந்துடுச்சு."

உங்கள் மனைவி நம்பினார். உங்களை நம்புவதா, எலும்பை நம்புவதா? பிடித்துக்கொண்டார். பன்றி வெந்த பாத்திரத்தை என் அடுப்பில் வைத்தாயே என்றார். ஊர் வம்பை என் புருஷன் காதில் ஓதினாயே என்றார். அக்கா எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஆவி அடங்கவில்லையே. அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு, குக்கர் சத்தம் ஓயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஓய்ந்ததும் வெயிட்டை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். பருப்பை உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் மாற்றிக் கொடுத்தாள். "நல்லா வெந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அதையும் உங்கள் மனைவிதான் கத்தினார், "எவ்வளவு கொழுப்பு பாருங்க" என்று.

நான் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். உங்களை அடிக்க அல்ல. கையில் அதுதான் இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அக்கா மறித்துக்கொண்டாள்.

"எங்கட்டி போற?"

"போய்ச் சொல்லப்போறேன். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை எவன் வந்து தின்னான்னு."

"சொன்னா அந்த மனுசன் தட்டுல கெடந்தது வெளிய வந்துரும்."

"வரட்டுமே! உங்க மேல பழி போட்டவன் அக்கா அவன்!"

"எம் மேல போட்டது பொய்யிட்டி. நீ இப்ப போய்ச் சொன்னா அது நெசமாயிரும். என் குக்கரு போன வீட்டுச் சேதி வெளிய வந்ததா ஆயிரும்லா? நீ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன? சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என்னைப்போல் ஒரு வாயாடியிடம் சத்தியம் வாங்கிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டாள். வாழ்க்கையில் எனக்குச் செரிக்காத ஒரே சாப்பாடு அந்தச் சத்தியம்தான்.

அதற்குப் பிறகு கதவுகள் மூடிக்கொண்டன. பன்றிக்காக மட்டுமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் குக்கருக்குள் ஏதாவது ஒன்று வெந்திருந்தது. முதல் மாடியில் ஒரு பெங்காலி டீச்சர், விதவை. அந்த வீடுகளில் விதவைக்கு வெங்காயமும் மைசூர்ப் பருப்பும்கூட ஆகாது. அவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மீன் தலை வெந்தது. பக்கத்து வீட்டில் ஒருவருக்கு வேலையில் சஸ்பெண்ட். அங்கே சில நாள் வெறும் தண்ணீர் வெந்தது, அக்கம்பக்கத்துக்கு விசில் கேட்க வேண்டும் என்பதற்காக. அந்தத் தண்ணீருக்கும் அக்கா போய் வெயிட்டு வைத்து, ரயில் கதை சொல்லி, ஆவி அடங்கும்வரை உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அந்த டீச்சரும் அந்த வீட்டுக்காரியும் பல வருடம் கழித்து அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். அதுவரை அக்காவோடு ஒரே அடுப்படியில் உட்கார்ந்த எனக்கே தெரியாது. ஆனால் நீங்கள் சொன்ன அன்று அவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. நம் வீட்டுச் சேதியும் போயிருக்குமோ என்று. யாரும் அவளைத் திட்டவில்லை. குக்கர் கேட்பதை நிறுத்தினார்கள். மெதுவாக ஒவ்வொரு வீட்டிலும் சொந்தக் குக்கர் வந்தது. சாயங்காலம் கட்டடம் முழுவதும் விசில் அடிக்கும். அவள் வீட்டில் அடிக்காது. பாதி மாதம் ஒற்றை ஆள், எதற்குக் குக்கர் என்பாள்.

என் வீட்டுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை வருவாள். நானும் வீம்புக்குச் சொந்தக் குக்கர் வாங்கவில்லை.

சில மாதம் கழித்து நீங்கள் மறுபடி வந்தீர்கள். வாசலில் நின்றீர்கள். உள்ளே அக்கா இருந்தாள். நான் கதவைச் சாத்தப்போனேன். அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"இன்னும் அடங்கல. உக்காருங்க."

உட்கார்ந்தீர்கள். சாப்பிட்டீர்கள். எலும்பைத் தட்டோரம் வரிசையாக அடுக்கி வைத்தீர்கள். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் உங்களைப் பார்க்கவும் இல்லை. செய்த சத்தியத்துக்காக நான் உங்களுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

இப்போது அவள் ஊரில் தங்கை மகன் வீட்டில் இருக்கிறாள். கண் சரியாகத் தெரிவதில்லை. மலர் அங்கேயும் போயிருக்கிறது. அந்தப் பையன், விவரம் தெரியாதவன், கல்கத்தா என்று பார்த்ததும் முழுவதையும் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறான். போன வாரம் போன் செய்தாள். கட்டுரை நன்றாக இருக்கிறது என்றாள். கப்பல் சங்கு சத்தத்தை அப்படியே எழுதியிருக்கிறார் என்று உங்களைப் புகழ்ந்தாள். நான் போனை வைக்கப்போனேன்.

"ஏட்டி," என்றாள். "நான் அப்பிடியா இருந்தேன்?"

செயலாளர் அவர்களே, அவள் வேறு எதையும் கேட்கவில்லை. உங்களைத் திட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். இத்தனை வயதில், தன் வாயைத் தானே சந்தேகப்பட்டுக் கேட்டாள். எந்த வீட்டிலாவது தவறி ஏதாவது சொல்லியிருப்பேனா என்று கேட்டாள். "இல்லக்கா" என்றேன். நான் சொன்னால் போதாது. நான் அவள் பக்கத்து ஆள்.

சத்தியத்தை மீறித்தான் இதை எழுதினேன். அதற்கு அவளிடம் ஏச்சு வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் சாப்பிட்டதற்காக யாரும் உங்களை ஒன்றும் செய்யப்போவதில்லை. உங்கள் பேரன் ஜாதவ்பூரில் என்னென்ன சாப்பிடுகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு உங்கள் மன்னிப்புக் கடிதம் வேண்டாம். அடுத்த மலரில் ஒரு மூலையில் திருத்தம் போடவும் வேண்டாம்.

லேக் கார்டன்ஸில் நம் சங்கத்தின் பொங்கல் கூட்டம் வருகிறது. வழக்கம்போல் நீங்கள்தான் வரவேற்புரை. பழைய கட்டடத்து ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள். உங்கள் மனைவியும் பக்கத்தில் இருப்பார். நான் போனில் அக்காவைப் பிடித்து வைத்திருப்பேன். மைக்கைக் கையில் வாங்கியதும் முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: அவள் யார் வீட்டுச் சேதியை, எந்த நாளில், உங்களிடம் சொன்னாள்? ஒன்று சொல்லுங்கள், போதும். ஒன்றும் இல்லையென்றால், இல்லை என்று சொல்லுங்கள். அவளுக்குக் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாக.